தெரிந்ததே

புண்ணுக்கென்று ஒரு பத்திரிகையா என்று முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் அத்தான்தான். “சினிமாவுக்குப் பத்திரிகை இருக்கு, சமையலுக்கு இருக்கு. புண்ணுக்குமா? அட்டையில என்ன படம் போடுவே சின்னவளே, ஆறின புண்ணா, ஆறாத புண்ணா?” என்று கேட்டார். சிரித்த அதே மனுஷர்தான் மறுநாளே மேல்மாடி அறையில் கிடந்த பழைய மாவுச் சாக்குகளையும் ஓட்டை ட்ரேக்களையும் அள்ளிக் கீழே போட்டு, வெள்ளையடித்து, மேஜை நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவர் வாய் அப்படி, கை இப்படி.

சின்னவளுக்கு வயது அறுபத்தொன்று. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் அறையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியே எல்லோருக்கும் அவள் சிஸ்டர். வீட்டில் அக்காவுக்கு இளையவள் என்பதால் தலை நரைத்த பிறகும் சின்னவள்தான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், “ஊர்ல உள்ளவங்களுக்குக் கட்டிக் கட்டியே காலம் போச்சு, நான் கட்டிக்க நேரமில்லாமப் போச்சு” என்பாள். அக்காவும் அத்தானும் கீழே, இவள் மாடியில். அடுத்த தெருவில் அவர்களுடைய ரொட்டிக் கடை. அத்தான் அடுப்பில் நிற்பார், அக்கா முன்னால் கல்லாவில் உட்கார்ந்து கேக் பெட்டிகளுக்கு நூல் கட்டிக் கொடுப்பாள். அக்கா கட்டினால் பஸ்ஸில் நாலு மணி நேரம் குலுங்கினாலும் முடிச்சு அவிழாது.

பத்திரிகை இரண்டு மாதத்துக்கு ஒன்று. காகிதம் கிடையாது, மை கிடையாது, தபால் கிடையாது. போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்தால் படிக்கலாம். வார்டு நர்ஸுகள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்கள் என்று நாலாயிரம் பேர் படித்தார்கள். மேலே தலைமை ஆசிரியர் என்று ஓய்வுபெற்ற ஒரு சர்ஜனின் பெயர் இருக்கும். பெரியவர் என்பார்கள். பெயர் அவருடையது, பாடு இவளுடையது. கட்டுரை கேட்டு வாங்குவது, அதை இரண்டு டாக்டர்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வது, சொன்ன தேதிக்குத் திருப்பி அனுப்பாத அந்த மகராசர்களை நச்சரிப்பது, புண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்களா, நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது எல்லாம் இவள் தலையில். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே படுக்கைப் புண் படம் பளிச்சென்று திறந்திருக்கும். “அதை மூடித் தொலைடி, சோறு உள்ள இறங்க மாட்டேங்குது” என்று அக்கா கத்துவாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்த வேலை வெட்டுவது. எந்தக் கட்டுரையும் ஆயிரத்து இருநூறு வார்த்தையைத் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே நின்றுகொண்டே போனில் படிக்கிற ஜனங்களுக்கு வளவளவென்று எழுதினால் யார் படிப்பார்கள்? நியாயம்தான். ‘முதலில் கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு கட்டுரை ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடித்துவிட்டு ஓரத்தில் ‘தெ.’ என்று போடுவாள். தெரிந்ததே என்பதற்குச் சுருக்கம். ஆசை ஆசையாக எழுதி அனுப்பியது ஓரமெல்லாம் தெ. தெ. என்று திரும்பி வருவதைப் பார்த்த டிரெஸ்ஸர்கள் அவளுக்குத் ‘தெத்தெ சிஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழைக்காலத்துக்கு முந்தின இதழுக்கு வெளியூர் டிரெஸ்ஸர் ஒருவர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். நின்று வேலை செய்கிறவர்களின் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருகிற புண்ணுக்கு அழுத்திக் கட்டுவது எப்படி என்று. இருபது வருஷம் கையால் செய்த மனுஷர், அருமையாக எழுதியிருந்தார். பாதத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை நாலு அடுக்கு, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும், ஒரு வாரம் பிரிக்கக் கூடாது, முதல் சில நாள் வலி இருக்கும், அதற்குப் பயந்து அவிழ்க்க வேண்டாம். நடுவில் ஒரு வரி: ‘கட்டுவதற்கு முன் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும்; நாடி கிடைக்கவில்லையென்றால் கட்டவே கூடாது.’ கட்டுரை ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று வார்த்தையில் வந்து நின்றது. எண்ணிப் பார்த்தாள். அந்த வரி சரியாகப் பதின்மூன்று. அடித்துவிட்டு, தெ. என்று போட்டாள்.

டிரெஸ்ஸர் போன் பண்ணினார். “சிஸ்டர், வேற எதை வேணா வெட்டுங்க. அந்த நாடி வரி மட்டும் இருக்கட்டுமே.”

“நாடி பாக்காம எவன் தம்பி கால்ல கட்டுவான்? நம்ம ஆளுங்க என்ன பச்சைக் குழந்தைங்களா?”

“டிரெஸ்ஸர் கட்டமாட்டான் சிஸ்டர். படிக்கிறவங்க எல்லாம் டிரெஸ்ஸரா?”

“வேற யாரு வேலை மெனக்கெட்டு இதைப் படிக்கப் போறாங்க?”

அவர் சிரித்துக்கொண்டே, “சரி, கத்தி உங்க கையில இருக்கு” என்று வைத்துவிட்டார். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, குற்றமும் உண்டு. முப்பத்தோரு வருஷம் அவள் நின்ற அறையில் காலைத் தொட்டவுடன் விரல் தானாகவே நாடிக்குப் போகும். மூச்சு விடுங்கள் என்று யாராவது எழுதி வைப்பார்களா? அப்படித்தான் அவள் நினைத்தாள்.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து, மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தாள். அடுத்த இதழ் மறுநாள் வெளியே போக வேண்டும். தீக்காயக் கட்டுரையில் சரிபார்த்த டாக்டர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏண்டி, உங்க அத்தான் கால்ல ஒரு புண்ணு. மாசம் ஒண்ணாச்சு, ஆறவே மாட்டேங்குது.”

“எந்த இடத்துல?”

“கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கம்.”

“நரம்பு புடைச்சிருக்கா?”

“அது எப்பவும் இருக்கிறதுதானே. நாப்பது வருஷமா அடுப்பு முன்னால நிக்கிறவரு. ஒரு எட்டு வந்து பாரேன். நீ பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.”

“அது நிக்கிறவங்களுக்கு வர்ற புண்ணு அக்கா. போன இதழ்லயே போட்டிருக்கேன். இப்பவே உன் போனுக்கு அனுப்பறேன், அதைப் பாத்து அப்படியே கட்டு. கட்டுத்துணி கீழ என் பெட்டியில நாலு தினுசும் இருக்கு.”

“நான் கட்டி என்னத்தைடி...”

“கேக் பெட்டி கட்டறவளுக்கு இது கட்டத் தெரியாதா? ஒண்ணு விடாம அதுலயே இருக்குக்கா. நாளைக்கு இதழ் போயிடட்டும், வந்து பாக்கறேன்.”

அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனாள். சின்னவள் அனுப்பிய சத்தம் படியில் கேட்டது.

இதழ் மறுநாள் போகவில்லை, மூன்று நாள் தள்ளிப் போனது. போன பிறகு வாசகர் கடிதம், அதற்குப் பதில், பெரியவர் வீட்டில் கூட்டம். அத்தானைப் பார்க்கவும் வாய்க்கவில்லை. அவர் விடிவதற்கு முன்னால் கடைக்குப் போய்விடுவார், மத்தியானம் வந்து தூங்குவார். மழைக்குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. பொங்காத மாவை வைத்துக்கொண்டு அவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அடுப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அப்படியே எதிர்ப்பட்டபோதும், “என்ன அத்தான், கட்டு எப்படி இருக்கு?” என்று இவள் படியிலிருந்தே கேட்டாள். “உன் பத்திரிகை கால்ல ஏறி உட்கார்ந்திருக்கு, இறங்க மாட்டேங்குது” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அக்காதான் கட்டினாள். கட்டுரையைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு சுற்றாக. சுற்று பாதிக்குப் பாதி மூடியிருக்கிறதா என்று விரலால் அளந்து பார்த்தாள். இரண்டாம் நாள் ராத்திரியே அவருக்கு வலி கண்டுவிட்டது.

“காலைக் கொள்ளிக்கட்டையால சுடற மாதிரி இருக்குடி. அவுத்துடேன்.”

“அவுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குங்க. முதல்ல வலிக்கத்தான் செய்யுமாம். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோங்க.”

“எழுதினவன் காலா இது?”

“எழுதினது நம்ம சின்னவ பத்திரிகையில. அவ தப்பாப் போடுவாளா?”

பொறுத்துக்கொண்டார். நாலாம் நாள் வலி நின்றுவிட்டது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வழக்கம்போல காலுறையையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வலி நிற்பதில் இரண்டு வகை உண்டு என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மாடியில் இருந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் வெந்நீர் எடுக்கச் சின்னவள் கீழே வந்தாள். அத்தான் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் கதவு, மழை வாடை, ஈரத்துணி, அடுப்பில் பருப்பு. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை. அவள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். முப்பத்தோரு வருஷ மூக்கு, ஏமாறாது.

“அக்கா, கத்தரிக்கோல் எடு” என்றாள்.

கட்டை வெட்டிப் பிரித்தபோது புண் சின்னதாக, சாதுவாக இருந்தது. விரல்கள் ஐந்தும் கறுத்திருந்தன. பாதம் சில்லென்று கிடந்தது. அவள் விரலைப் பாதத்தின் மேல் வைத்தாள், கணுக்காலுக்குப் பின்னால் வைத்தாள், முழங்காலின் மடிப்பில் வைத்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை.

“ஏண்டி, மூஞ்சி ஏண்டி இப்படிப் போகுது?” என்று அக்கா கேட்டாள். “வலி விட்டுடுச்சேடி.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. சர்க்கரை, நாற்பது வருஷச் சிகரெட், உள்ளே ரத்தக் குழாய் ஏற்கெனவே பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. இருந்த கொஞ்ச ஓட்டத்தையும் கட்டு நிறுத்திவிட்டது. இந்தக் காலில் யார் இறுக்கிக் கட்டச் சொன்னது என்று கேட்டார். அக்கா, “நான்தான் கட்டினேன்” என்றாள். சின்னவள் பக்கத்தில்தான் நின்றாள். நான் சொல்லித்தான் கட்டினாள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டிவிட்டார். இப்படித்தான் முதல் தடவை அவள் வாயை மூடிக்கொண்டது. அப்புறம் அது பழகிவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அறுவை நடந்த இரண்டு மணி நேரமும் அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்தக் கட்டுரையைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அழகாக வெட்டப்பட்ட கட்டுரை. பிறகு பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். சிவப்பில் அடித்த பதின்மூன்று வார்த்தை, ஓரத்தில் தெ. அதைப் பார்த்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

“திருத்தம் போடணும் சார். வரியை எடுத்தது ஆசிரியர்னு பேர் சொல்லிப் போடணும்.”

“போட்டா கால் வந்துடுமா சிஸ்டர்?”

“வராது.”

“பத்திரிகை போயிடும். ஆறு வருஷம். நாலாயிரம் பேர் உங்களை நம்பிக் கட்டறாங்க. ஒருத்தருக்காக அத்தனை பேரையும் பயமுறுத்தணுமா? அந்த வரியைத் திரும்ப உள்ள வச்சிடுங்க. இனிமே படிக்கிறவங்க பிழைச்சுக்குவாங்க.”

“ஏற்கெனவே படிச்சவங்க?”

“அச்சுல ஏறியிருந்தா அழிக்க முடியாது. இது வெறும் வெளிச்சம். நேத்து எப்படி இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?”

அது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கட்டுரையைத் திறந்து, வரியை அதன் இடத்தில் வைத்து, சேமி என்பதை அழுத்தினாள். அரை நிமிஷ வேலை. பக்கத்தில் ஒரு தழும்புகூட இல்லை. அன்றைக்கே வெளியூர் டிரெஸ்ஸரிடமிருந்து ஒரு செய்தி: ‘சிஸ்டர், நாடி வரி திரும்ப வந்திருக்குதே, இப்பத்தான் பார்த்தேன். என் பேச்சுக்கும் மதிப்புக் கொடுத்தீங்க. ரொம்ப நன்றி.’

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடை பூட்டிக் கிடந்தது. மாவு பிசைகிறவர் வந்து, அண்ணன் எப்போது எழுந்து வருவார் என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் ஓடிப்போனார். பார்க்க வந்த உறவு ஜனம் சும்மா இருக்குமா? அத்தானுடைய தங்கை மூக்கைச் சிந்திவிட்டு, “கேக் பெட்டியைக் கட்டற மாதிரி எங்கண்ணன் காலைக் கட்டிட்டீங்களே அண்ணி” என்றாள். அக்கா பேசுகிறவள்தான், ஒன்றுக்குப் பத்துத் திருப்பிக் கொடுக்கிறவள்தான். தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டு இருந்தாள். ஆறிப்போன காபியை மேலும் மேலும் ஆற்றினாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேஜையில் போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் புதுக் கண்ணாடி. பெரிய சட்டம், அவளுக்குப் பொருந்தவே இல்லை.

“இது எப்பக்கா வாங்கினே?”

“நேத்து. கண்ணு சரியில்லடி எனக்கு.” அக்கா போனை நீட்டினாள். “இங்க பாரு. கட்டுவதற்கு முன் பாதத்தின் மேல் விரல் வைத்து... பாத்தியா? இருக்கு. கொட்டை எழுத்துல இருக்கு. நான் படிக்காம விட்டிருக்கேன். ஒவ்வொரு வரியாத்தான்டி படிச்சேன், விரலை வச்சு வச்சுப் படிச்சேன். எப்படிடி என் கண்ணுல படாமப் போச்சு?”

சின்னவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“கண் டாக்டர் பெரிசா ஒண்ணும் இல்லைங்கறாரு. அப்புறம் எப்படி? புத்திதான் பேதலிச்சுப் போச்சா? அவரு அவுத்துடு அவுத்துடுன்னு கெஞ்சினாருடி. நான்தான் படிச்சவ மாதிரி, கூடாதுங்க, போட்டிருக்குன்னு...” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதாம்.

அடிப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளத்தான் சின்னவளுக்குத் தோன்றியது. காலை எடுத்தது போதாதென்று கண்ணையும் அல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, அந்த வரி அப்ப இல்லை.”

“இருக்கேடி. இதோ.”

“இப்ப இருக்கு. நீ படிக்கும்போது இல்லை. எழுதினவரு எழுதியிருந்தாரு, நான் வெட்டிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு வெட்டினேன். அத்தானுக்குக் கால் எடுத்த மறுநாள் யாருக்கும் தெரியாம நானே திரும்ப வச்சேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை. உன் கண்ணு நல்லா இருக்கு. நீ எழுதியிருந்தபடி ஒரு நூல் பிசகாமக் கட்டினே.”

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து பக்கெட்டில் சொட்டுவது மட்டும் கேட்டது. அக்கா மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள்.

“எங்கண்ணனைக் கொன்னுட்டீங்கன்னு அவரு தங்கச்சி சொல்லாததுதான் பாக்கி” என்றாள் கடைசியில். “நீ அடுக்களையிலதானே நின்னே.”

“ஆமாக்கா.”

“கேட்டுக்கிட்டுத்தானே நின்னே.”

“ஆமா.”

“வரியை வெட்டினே, சரி. அது உன் தொழில். எனக்கு அது புரியாது.” அக்கா நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. “நான் உன்னைத்தானேடி வந்து பாருன்னு கூப்பிட்டேன்? பத்திரிகையையா கூப்பிட்டேன்?”



அன்றைக்கு இருட்டுவதற்குள் திருத்தம் போட்டுவிட்டாள். பெரியவரைக் கேட்கவில்லை. கட்டுரைக்கு மேலேயே, திறந்தவுடன் கண்ணில் படும்படி: ‘கட்டுவதற்கு முன் நாடி பார்க்கச் சொல்லும் வரி இந்தக் கட்டுரை வெளியானபோது இதில் இல்லை. எழுதியவர் எழுதியிருந்தார். தெரிந்ததே என்று எண்ணி ஆசிரியர் நீக்கினார். இதைப் படித்து அப்படியே கட்டியதில் ஒருவர் காலை இழந்தார். கட்டியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பிறகு ஓசைப்படாமல் வரியைச் சேர்த்தவரும் ஆசிரியரே.’ கீழே தன் முழுப் பெயர். எத்தனை வார்த்தை என்று எண்ணவில்லை. பெரியவர் போனில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார், தன் பெயரை எடுத்துவிடும்படி. எடுத்துவிட்டாள். டிரெஸ்ஸர் போன் பண்ணினார், “சாப்பிட்டீங்களா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். அத்தானுடைய தங்கைக்கு இவளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவள் திட்டியதை எல்லாம் வைக்காமல் கடைசி வரை கேட்டாள். அடுத்த இதழ் வருமா என்று நாற்பது பேர் கேட்டு எழுதியிருந்தார்கள்.

அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மூடி வைத்திருக்கும், கூப்பிடுவது கிடையாது.

நாலாம் நாள் காலையில் சின்னவள் தானாகக் கீழே இறங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அத்தான் சவரம் செய்யாமல் தலையணையில் சாய்ந்திருந்தார்.

“என்ன எடிட்டரம்மா, உங்க அக்கா வாய்க்கு ஷட்டர் இறக்கிட்டா. என்கிட்டயும் பாதிதான் பேசறா.”

“எல்லாம் சொன்னாளா அத்தான்?”

“சொன்னா.” ஜன்னல் பக்கம் திரும்பினார். “கோபமா இருக்கான்னு கேக்காதே. இருக்கு. ராத்திரியில இல்லாத கால் அரிக்குது, அப்ப வருது. சிகரெட்டை விடுங்க விடுங்கன்னு நீயும்தான் முப்பது வருஷம் சொன்னே, நான் கேட்டேனா? அதுவும் வருது. ரெண்டும் மாறி மாறி வருது. நான் என்ன செய்யட்டும்?”

அவள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “காலைக் காட்டுங்க அத்தான்” என்றாள்.

“எதை? இருக்கிறதையா, போனதையா?”

“இருக்கிறதை.”

போர்வையை விலக்கினார். சொரசொரத்த பாதம், குதிகாலில் வெடிப்பு, நகங்கள் மஞ்சளாகத் தடித்திருந்தன. இந்தக் காலை இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கையில் எடுத்ததில்லை. விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள், குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள், புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அசையாமல் இருந்தாள். அக்கா வாசற்படியில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“இருக்கு” என்றாள் அத்தானிடம். “லேசாத்தான். ஆனா இருக்கு. இந்தக் காலைப் பத்திரமா வச்சுக்கலாம்.”

அக்கா உள்ளே வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“தள்ளு. எங்கன்னு காட்டு.”

“இங்கக்கா. பெருவிரல்லேர்ந்து மேல வா. எலும்புக்குப் பக்கத்துல. அழுத்தாதே, அழுத்தினா ஓடிடும்.”

அக்கா விரலை வைத்தாள். நூல் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல். “ஒண்ணும் தெரியலையே.”

“இருக்குக்கா. நான் இப்பத்தானே பாத்தேன்.”

“நீ சொன்னதை நான் கேட்டது போதும்” என்றாள் அக்கா. “எனக்குத் தெரியணும்.”

சின்னவள் அந்த விரலைப் பிடித்து ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போயிருக்கும். இரண்டும் போயிருக்கலாம்.

“தெரியுதாக்கா?”

“பேசாதே” என்றாள் அக்கா.